மூன்றாம் மாடித் தூணில் இருந்தவள்

மாடம்மாள் தினமும் காலை ஆறே முக்காலுக்கெல்லாம் மூன்றாம் மாடிக்கு வந்துவிடுவாள். லிஃப்டுக்கு எதிரே நிற்கிற தூணின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பாள். மலையாளத்துச் சாஸ்தமங்கலத்தில் ‘மாதவம்’ என்று பெயர் வைத்த அந்த ஒன்பது மாடி பிளாட்டில் எத்தனையோ தூண்கள் உண்டு. மற்றவற்றுக்கு வாரம் ஒரு முறைதான் குளியல். இது ஒன்றுக்கு மட்டும் தினசரி.

தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்று ஊரே சொல்லும். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? நிஜமாகவே தூணுக்குள் ஒருத்தி மாட்டிக்கொண்டு கிடந்தால், அதன் கஷ்டம் துடைக்கிறவளுக்குத்தான் தெரியும். புராணத்துத் தூண் ஒரே அடியில் பிளந்தது. இது எட்டுக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தூண். கட்டும்போது சித்தாளாக நின்று ஜல்லி சுமந்தவளே மாடம்மாள்தான். அது லேசில் பிளக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

“ஏட்டி, வந்துட்டியா?” என்று தூண் கேட்கும்.

“வந்துட்டேன் தாயி.”

“மூணு பி-யில இன்னைக்கும் நெத்திலி பொரிக்கா. மணம் மூக்கைத் துளைக்கி. ஒரு துண்டு வாங்கி வையேன்.”

“நான் கேட்டா தருவாளா? கூட்டுற துடைப்பத்தைக் கூட அவ வாசல்ல சாத்தி வைக்க விடமாட்டா.”

“சரி, விடு. காலுல மண்ணு பட்டு எத்தனை வருசமாச்சு, தெரியுமா?”

இந்தக் கடைசிக் கேள்வி வந்தால் மாடம்மாளுக்கு வேலை அவசரம் வந்துவிடும். துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த மாடிக்குப் போய்விடுவாள். தூணுக்குள் இருப்பவள் இசக்கி. உள்ளே போட்டவள் மாடம்மாள்.

அது நடந்து இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது. அப்போது ‘மாதவம்’ மூன்று மாடிதான் எழும்பியிருந்தது. இராதாபுரத்துக்குத் தெற்கே கள்ளித்தேரி என்கிற செம்மண் காட்டு ஊரிலிருந்து பதினெட்டுக் குடும்பம் அந்த வேலைக்கு வந்து, பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தது. அந்த மழைக்காலத்தில் கொட்டகைப் பிள்ளைகளுக்கு ஒன்று மாற்றி ஒன்றாகக் காய்ச்சல் கண்டது. இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. ஊரில் இருக்கிற இசக்கியை, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துச் செத்துத் தெய்வமானவளை, இங்கே கூட்டி வந்தால்தான் மிச்சப் பிள்ளைகள் தங்கும் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.

சாமியைக் கூட்டி வருவதென்றால் சிலையைத் தூக்கி வருவதில்லை. தாய்க்கோயில் பீடத்தடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவர வேண்டும். அதற்குப் பிடிமண் என்று பேர். கொண்டுவருகிறவருக்கு மூன்று கட்டளை உண்டு. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இறக்குகிற வரைக்கும் வாய் பேசக் கூடாது. வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் வைத்த இடத்திலேயே அவள் இருந்துவிடுவாள், பிறகு கும்பிட்டுக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டாள்.

சுமக்கிற பொறுப்பு மாடம்மாளுக்கு வந்தது. காரணம் இருக்கிறது. கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, இசக்கிக்குத் தொட்டில் நேர்ந்து பெற்ற பிள்ளை அவளுடையது. அதனால்தான் இசக்கிப்பாண்டி என்று பெயர். அப்போது அவனுக்கு இரண்டு வயது. பிள்ளையைப் புருஷன் பால்பாண்டியிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். அன்றிரவு கோயிலிலேயே படுத்து, விடியற்காலையில் மண்ணை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, பத்து மணிக்கு வேலைத்தலத்துக்கு வந்து சேர்ந்தாள். பின்பக்கம் கொட்டகையருகே மஞ்சள் பூசிய செங்கல் நட்டு, மேலே வேலையில் நின்ற சிலரைத் தவிர எல்லோரும் தயாராக நின்றிருந்தார்கள்.

உள்ளே கால் வைத்தவள் தற்செயலாக மேலே பார்த்தாள். கொத்தனாரான பால்பாண்டி, பிள்ளையை மூன்றாம் மாடித் தளத்தில் மணல் குவியல்மேல் உட்காரவைத்துவிட்டுப் பூச்சுவேலையில் மூழ்கியிருந்தான். பிள்ளை உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது. கத்த முடியாது, வாய்க்கட்டு. கத்தினாலும் பிள்ளை திடுக்கிட்டு விழும். பிடிமண்ணோடு மூன்று மாடியும் ஏறி ஓடினாள். மேலே போய்ச் சேரும்போது பிள்ளையின் ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

என்ன செய்வாள்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பக்கத்தில் தூணின் அடிக்கட்டை வார்க்க அடித்து வைத்திருந்த சின்னப் பலகைப் பெட்டிக்குள் மண்முடிச்சை வைத்தாள். பாய்ந்து இரண்டு கையாலும் பிள்ளையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை சிரித்தது. அவள்தான் அதைக் கட்டிக்கொண்டு தளத்தில் உட்கார்ந்து கதறினாள். கதறி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, வேலை அவசரத்தில் யாரோ இரண்டு பேர் அந்தப் பெட்டிக்குள் கான்கிரீட்டைக் கொட்டித் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கீழே காத்துக்கொண்டிருந்த பதினெட்டுக் குடும்பத்தின் முகத்தை நினைத்தாள். முந்தானையின் மஞ்சள் ஓரத்தைக் கிழித்து, தளத்தில் கிடந்த ஆற்றுமணலில் ஒரு பிடி எடுத்து முடிந்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். குலவை போட்டு வாங்கினார்கள். வேலை முடிந்து அவர்கள் ஊரூராகப் பிரிந்து போகிற வரைக்கும் அந்த ஆற்றுமணலுக்குத்தான் பொங்கலும் சேவலும் நடந்தது. எல்லோரும் நிறைவாகக் கும்பிட்டார்கள். மாடம்மாள் மட்டும் கண்ணை மூடமாட்டாள்.

கட்டடம் முடிந்ததும் பால்பாண்டி பெங்களூரு வேலைக்கென்று ஒரு கூட்டத்தோடு போனான். போனவன் போனவன்தான். மாடம்மாள் ஊருக்குத் திரும்பியிருக்கலாம், அண்ணன் கூப்பிடத்தான் செய்தார். ஆனால் தூணுக்குள் போட்டவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? அதே பிளாட்டில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். சாலைக் கம்போளத்துக் கடைகளுக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்தாள். பிள்ளை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெல்டர் ஆனான். முதல் வாரக் கூலியில் அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கி வந்தான். அந்தப் பத்து மாதம்தான் அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று சொல்லலாம்.

பத்தாவது மாதம் முகம் வீங்கியது. பிறகு கால். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, எடுக்க முடியாது என்றார்கள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் டயாலிசிஸ் சென்டருக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போவார்கள். முடிந்து வரும்போது பையனுக்குத் தலை சுற்றும். பஸ் நின்றதும் முதலில் அவள் இறங்குவாள். திரும்பி நின்று இரண்டு கையையும் நீட்டுவாள். அவன் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவான். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, பத்துப் பேர் பார்க்க அம்மா கையைப் பிடித்து இறங்குவதில் ஆரம்பத்தில் அவனுக்குக் கூச்சம் இருந்தது. போகப் போக அது அவன் கைக்குப் பழகிவிட்டது.

இதெல்லாம் எதனால் என்று மாடம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. சாமியைக் கீழே வைத்த பாவம். பெற்ற பிள்ளைக்காகத் தாயை நடுவழியில் விட்டாள், தாய் அந்தப் பிள்ளையையே கேட்கிறாள். கணக்கு அவளுக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. தூணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘தாயி, அன்னைக்கு நடந்ததுல உனக்குக் கோவமா?’ என்று ஒரே ஒரு கேள்வி. கேட்கப் பயம். நெத்திலியைப் பற்றிப் பேசுவாள், லிஃப்டைப் பற்றிப் பேசுவாள், இதை மட்டும் பேசமாட்டாள்.

ஐந்தாம் மாடியில் ஜானவி என்று நாலு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. போன வருஷம் பால்கனியிலிருந்து தவறி விழுந்தது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் சிமெண்ட் தரை. ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தை எழுந்து உட்கார்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. “சுவன்ன சாரி உடுத்த சேச்சி பிடிச்சு” என்றது. சிவப்புச் சேலைக்காரி யாரென்று சிசிடிவி-யில் தேடினார்கள், ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கள் கூடி வேறு ஏதோ சாமிக்கு ஹோமம் செய்தார்கள். மாடம்மாளுக்கு வயிறு எரிந்தது. அன்றுதான் முதல்முதலாகத் தூணிடம் சண்டை போட்டாள்.

“யாரு பெத்த பிள்ளையையோ ஓடிப்போய்ப் பிடிச்சியே, எம்பிள்ளை உனக்கு என்ன செஞ்சான்?”

“விழுற பிள்ளையைப் பாத்தா பிடிக்காம என்னட்டி செய்ய? எங்கண்ணு எட்டுற தூரம் பிடிக்கேன். இந்தக் கேட்டுக்கு அங்கிட்டு எனக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்கு.”

“அவன் நோவைத் தீர்ப்பியா?”

“தூணுக்குள்ள நின்னுக்கிட்டு வாக்குக் குடுக்கமாட்டேன். என்னைக் கொண்டு போய் மண்ணுல வை. எந்த மண்ணுன்னாலும் சரி. அங்கன நின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்.”

இதைக் கேட்ட நாளிலிருந்து மாடம்மாளுக்கு ஒரே நினைப்புதான். இசக்கியை வெளியே எடுத்து மண்ணில் வைத்துவிட்டால் பிள்ளை பிழைப்பான். தூணை உடைக்க அவளால் முடியாது. தூண் தானாகவே வழிவிட்டது. அதன் அடியில் வெடிப்பு விழுந்து, கம்பி துருப்பிடித்துச் செந்நிறத் தண்ணீர் கசிந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சேஷன், கோட்டைக்குள் இருக்கிற அக்ரகாரத்தில் பிறந்து வங்கியில் ஓய்வு பெற்றவர், ஸ்ரீகுமார் என்கிற எஞ்சினீயரைக் கூட்டி வந்து காட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அடிப்பக்கத்தைக் கொத்தி எடுத்து, சாயங்காலத்துக்குள் புதுக் கலவையால் மூடுவதென்று முடிவானது.

மூடினால் போயிற்று. அன்று ஒரு நாள்தான் வழி. இருபத்தொரு வருஷமாக மறைத்ததைப் பையனிடம் முதல்முதலாகச் சொன்னாள். இறக்குகிற இடத்தில் நேர்ந்து பெற்ற பிள்ளையும் நிற்க வேண்டும், ஆனால் அன்றைக்கு அவனுக்கு டயாலிசிஸ். வைப்பதற்கு மண் வேறு வேண்டும். அறையைச் சுற்றி எங்கும் சிமெண்ட், ஓடை. அவளோடு வேலை செய்கிற ஜெபமலருக்கு விழிஞ்ஞம் பக்கம் முல்லூரில் மூன்று சென்ட் இடம் உண்டு. அங்கே மண்ணும் கள்ளித்தேரியைப் போலவே சிவப்பு.

“எக்கா, ஒங்க சாமியை எங்க வெளையில வச்சா பாஸ்டர் என்னைச் சபையை விட்டே எறக்கிருவாரு” என்றாள் ஜெபமலர். கொஞ்ச நேரம் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்தாள். “வேலிக்கு அங்கிட்டு ஒரு தென்னை நிக்குல்லா, அதுக்க மூட்டுல வச்சிருங்க. நான் பாக்கல. பாக்காதது எனக்கு எப்படித் தெரியும்?”

செவ்வாய்க்கிழமை. பையனைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு மாடம்மாள் தூணருகே வந்து நின்றாள். பொடி பறந்தது.

“அங்கே நிக்காதே மாடம்மா, மூச்சிலே ஏறும் கேட்டியா” என்றார் சேஷன். “எஞ்சினீயர் சொல்றார், அந்தக் காலத்திலே எந்தக் கழுதையோ குப்பைத் துணியை உள்ளே போட்டுட்டுக் கான்க்ரீட் போட்டிருக்காம். அதான் இத்தனை வருஷம் கழிச்சு நம்ம கழுத்தை அறுக்கறது.”

கழுதை தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

உளி போன இடத்தில் ஒரு பொந்து தெரிந்தது. அதற்குள் மக்கிப்போன துணி நூலும், கெட்டிப்பட்ட ஒரு மண்ணுருண்டையும். “இது எந்தா, சுவன்ன மண்ணோ?” என்று ஸ்ரீகுமார் காலால் தட்டப் போனான். மாடம்மாள் குறுக்கே விழுந்து உருண்டையை எடுத்தாள். கொண்டு வந்திருந்த புது மஞ்சள் துணியில் முடிந்தாள். “குப்பையை நீயே கொண்டு போறியா? ரொம்ப நல்லது. சிந்தாமே போ” என்றார் சேஷன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாய்க்கட்டு ஆரம்பித்துவிட்டது.

முடிச்சு கைக்குள் வந்ததும் சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டால் சுடுமே, அந்தச் சூடு. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் கோலத்தைப் பார்த்து ஏதோ கோயில் நேர்ச்சை என்று ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கண்டக்டருக்குக் கொடுக்கச் சில்லறையை ஜெபமலர் ஏற்கெனவே அவள் முந்தியில் செருகிவிட்டிருந்தாள். இப்படியாக மெடிக்கல் காலேஜ் வந்து, சென்டர் வாசலில் உட்கார்ந்தாள். ஒரு மணிக்குப் பையன் வெளியே வந்தான். முகம் வெளுத்து, கையில் பஞ்சும் பிளாஸ்டரும் ஒட்டி, ஆனாலும் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“நீ இன்னைக்கு மிண்டமாட்ட, வாய்க்கட்டுன்னு ஜெபமலர் சேச்சி மெசேஜ் போட்டுச்சு. நல்லது. ஒரு நாளாவது எனக்குத் திட்டு இல்ல.”

கிழக்கேகோட்டை போய் விழிஞ்ஞம் பஸ் மாற வேண்டும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவன் இப்படிப் பேசவே மாட்டான். அன்று என்னவோ ஓயவில்லை.

“சுகமாத்தான் இருக்கும்மா, கொழப்பமில்ல. இன்னைக்குப் பிரஷர் கொஞ்சம் தாந்துபோச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க, அவ்வளவுதான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கேட்க ஆயிரம் இருந்தது. கேட்க முடியாது.

“சேச்சி வீட்டுல தெங்கு நிக்குல்ல. சாமியை வச்சு எனக்குச் சரியாச்சுன்னா, ஒரு கரிக்கு வெட்டி முழுசா குடிக்கணும். ஒரு துளி மிச்சம் வைக்காம. ரெண்டு வருசமா தண்ணியை மூடியில அளந்து குடிச்சு நாக்கு மரத்துப்போச்சு.”

இளநீர் இந்த நோய்க்காரனுக்கு விஷம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கையில்லை. அவன்தான் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான்.

“என்னைப் பிடிக்கத்தான சாமியை விட்ட? அதுக்குப் போய்ச் சாமி கோவிக்குமாம்மா? எனக்கு அப்படித் தோணல.”

மாடம்மாள் வேகமாகத் தலையை ஆட்டினாள். இந்த நேரத்தில் இப்படியெல்லாம் பேசாதே என்று அர்த்தம். சாமியைக் கையில் வைத்துக்கொண்டு சாமியைப் பற்றி விளையாட்டு என்ன? அவள் கைக்குள் முடிச்சு அசைந்தது. வயிற்றுப் பிள்ளை முட்டுவது போல உள்ளங்கையில் ஒரு முட்டு. பஸ் கிழக்கேகோட்டையை நெருங்க நெருங்க முட்டு அதிகமாயிற்று. முல்லூர் மண்ணுக்குத் தவிக்கிறாள், இன்னும் ஒரு மணி நேரம் பொறு தாயி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு விரல்களை இறுக்கினாள்.

பஸ் நின்றது. வழக்கம்போல அவள் முதலில் இறங்கினாள். வழக்கம்போலத் திரும்பி நின்றாள். படியில் நின்ற பையனின் கண் செருகியது. உதடு வெளுத்தது. பழக்கத்தில் அவன் இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டினான்.

“அம்மா, பிடி.”

கைக்குள் முடிச்சு துள்ளியது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு கீழே குதிக்கப் பார்த்தது. மாடம்மாள் விட்டாளா? இருபத்தொரு வருஷம் முன்னால் விட்டதற்கு இன்றுவரை அனுபவிக்கிறவள் அவள். இன்னொரு தடவை கீழே வைத்தால் பிள்ளை பிழைக்க வழியே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து, சாமியை நெஞ்சோடு இறுக்கினாள். பிள்ளையின் கை அவள் முழங்கையைத் தொட்டு வழுக்கிக்கொண்டு போனது. நடைபாதைக் கல்லின் விளிம்பில் தலை பட்டது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. டயாலிசிஸுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருப்பார்கள். அதனால் நிற்கவே இல்லை. அப்போதுதான் மாடம்மாள் வாயைத் திறந்து கத்தினாள், கையைத் திறந்தாள். முடிச்சு நடைபாதைக் கட்டையின் இடுக்கில் விழுந்தது. இரண்டு கையாலும் பிள்ளையை வாரியெடுத்தாள். அவன் வாய் ஏதோ சொல்ல அசைந்தது. ஆட்டோக்காரர் ஷாஜி என்பவர் தூக்கி ஏற்றினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

மறுநாள் அவனைத் தைக்காட்டில் எரித்தார்கள். அண்ணன் வந்தார். சேஷன் வந்தார், ரொம்ப நேரம் நின்றார். ஜெபமலர் வீட்டுத் தென்னையிலிருந்து கரிக்குக் குலை ஒன்று வெட்டிக்கொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அறை மூலையில் வைத்துவிட்டுப் போனாள். மாடம்மாள் அழவில்லை. பஸ்ஸில் மகன் பேசியதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருந்தவள், இப்போது யார் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. சாமி ஏமாற்றிவிட்டாள் என்று மட்டும் நினைத்தாள். அந்த நினைப்பு ஒன்றுதான் அவளைச் சாகாமல் வைத்திருந்தது. கேட்க வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது.

பதினாறாம் நாள் கழிந்த செவ்வாய்க்கிழமை, காலைப் பதினோரு மணிக்கு அந்தக் குலையில் மிஞ்சியிருந்த கடைசிக் கரிக்கை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டைக்குப் போனாள். பஸ் நிற்கிற இடத்தில் நல்ல கூட்டம். கட்டை இடுக்கில் மஞ்சள் துணி மண்ணோடு மண்ணாக அமுங்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பைத்தியம் என்று நினைத்து நாலு பேர் ஒதுங்கிப் போனார்கள்.

“இருக்கியா?” என்று கேட்டாள்.

“இங்கனதான் இருக்கேன்.”

“உன்னை நெஞ்சோட சேத்துத்தானே பிடிச்சிருந்தேன். கீழ வைக்கலையே. பேசலையே. கட்டளை ஒண்ணும் மீறலையே. பெறகு ஏன் எம்பிள்ளையைக் கொண்டு போன?”

பஸ் ஒன்று புகை விட்டுக்கொண்டு போனது. பிறகு குரல் வந்தது. இருபத்தொரு வருஷத்தில் அந்தக் குரல் அழுது அவள் கேட்டதில்லை.

“நான் கொண்டு போகலேட்டி. இறங்குதேன் இறங்குதேன்னு உன் கையை முட்டுனேனே. உன் கைக்குள்ள கெடந்தா எனக்கு ஏது கையி? தூணோ தரையோ, ஒரு எடத்துல வச்சாத்தான அது வரும்? எந்த மண்ணுன்னாலும் சரின்னு சொன்னேனே. ஏன் விடலை?”

“அன்னைக்கு விட்ட பாவத்துக்குத்தான் அவன் நோவுல கெடக்கான்னு நெனச்சேன். திரும்பவும் விடக் கூடாதுன்னு...”

“பாவமா?” என்றாள் இசக்கி. “நான் பெத்தது விழும்போது யாரும் பிடிக்கல. என்னை வச்சிட்டு நீ ஓடிப்போய் உன்னதைப் பிடிச்ச. அதைப் பாத்த சந்தோசத்துலதானட்டி, தூணுன்னும் பாக்காம இத்தனை வருசம் உன்கூட இருந்தேன். அவன் விழும்போதும் வச்சிருவேன்னுதான் நெனச்சேன்.”

மாடம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். முடிச்சை இறுக்கிய இடத்தில் சூடுபட்ட புண் இன்னும் ஆறவில்லை. இருபத்தொரு வருஷமாக யாரும் கேட்காத ஒரு தண்டனைக்காகப் பயந்து, அந்தப் பயத்தாலேயே பிள்ளையைக் கொன்றிருக்கிறாள். இதைவிட இசக்கி கோபித்திருக்கலாம். கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கரிக்கின் கண்ணைத் திறந்து, ஒரு துளி மிச்சம் வைக்காமல் அந்த இடுக்கில் ஊற்றினாள்.

அடுத்த பஸ் வந்து நின்றது. படியில் பையன் ஒருவன் காதில் ஹெட்போனோடு, போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினான். மாடம்மாள் எழுந்து ஓடி அவனை இரண்டு கையாலும் பிடித்தாள். “விடு தள்ளே!” என்று, அந்த ஊரில் அம்மாவைக் கூப்பிடுகிற வார்த்தையைச் சொல்லி, அவன் எரிச்சலோடு உதறினான். அவனுடைய இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற வரைக்கும் அவள் விடவில்லை.